யாரு ப்ரோக்ராம் ஓடுச்சு

அந்த ஜன்னல் நகராதுக்கா. நானும் இழுத்துப் பாத்துட்டேன். கண்டக்டர்கிட்ட சொன்னா, "முன்னாடி கண்ணாடி வழியாக் காத்து வரும்மா"ங்கறாரு. எங்க வருது? டிரைவருக்கு மட்டும் வருது. அந்தக் குக்கர் பெட்டியக் கீழ வைங்க, மடியிலயே வச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் வருவீங்க. இந்தாங்க, வாழப்பழம் எடுத்துக்கோங்க. சும்மா எடுங்கக்கா, ஒரு சீப்பு இருக்கு.

நானா? எட்டயபுரம் போறேன். சொந்த ஊரில்ல. எங்க ஊரு திருமங்கலம். எட்டயபுரத்துல ஒருத்திகிட்ட ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டு அடுத்த பஸ்ஸ புடிச்சுத் திரும்பிருவேன். போன்ல கேக்கலாம்ல, எடுக்க மாட்டேங்குறா. மன்னிப்புக் கேக்கப் போறேன்னு மட்டும் நெனச்சிராதீங்க. எங்கம்மா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இந்தப் பழத்த வாங்கிக் குடுத்து விட்டுருக்கு. எதுக்குங்கறேன்? தப்புப் பண்ணவதான் பழத்தோட போவா. நான் நியாயம் கேக்கப் போறவ. அதான் பஸ்லயே தின்னு முடிச்சிரலாம்னு பாக்குறேன். இன்னொண்ணு எடுங்க.

காலேஜுதான் படிக்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ், மூணாவது வருஷம். திங்கக்கிழமை எங்களுக்கு ஃபைனல் ரிவ்யூ. ப்ராஜெக்ட் ஒண்ணு பண்ணி அத மேடம் முன்னாடி ஓட்டிக் காட்டணும். டீமுக்கு ரெண்டு பேரு. ரெண்டு பேரும் நின்னாத்தான் ரிவ்யூ. ஒருத்தி வரலைன்னா ரெண்டு பேருக்குமே அரியர். அரியர் விழுந்துச்சுன்னா இண்டர்வியூ எடுக்க வர்ற கம்பெனிக்காரன் எங்கள வாசப்படி மிதிக்க விட மாட்டான். எனக்கும் போச்சு, அவளுக்கும் போச்சு. இது தெரிஞ்சும் அவ என்ன பண்ணா தெரியுமா? அத்தன பேரு முன்னாடி, "மேடம், நான் இந்த டீம்ல இல்ல"ன்னு சொல்லிட்டுப் பைய எடுத்துக்கிட்டுப் போயே போயிட்டா.

ஏன் அப்படிச் சொன்னாளா? அதத்தானக்கா சொல்ல வர்றேன். முழுசாக் கேளுங்க. கேட்டுட்டு யாரு மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க. நான் என் பக்கமா இழுத்துப் பேசுறவ இல்ல. நடந்தத நடந்தபடி சொல்லிருவேன்.

அவ பேரு ஜெனிட்டா. ஜெனி ஜெனின்னுதான் கூப்புடுவேன். முத வருஷத்துல இருந்து எனக்குப் பக்கத்துல உக்காந்தவ. ரொம்ப அமைதி. அமைதின்னா உங்க வீட்டு எங்க வீட்டு அமைதியில்ல. ஒரு சண்ட போடுறதுக்குக் கூட ஒத்துழைக்க மாட்டா. நான் பாட்டுக்குத் திட்டிக்கிட்டே இருப்பேன், அவ பாட்டுக்கு டிபன் பாக்ஸத் தொறந்து, "லோச்சனி, தொட்டுக்க மாங்கா வேணுமா?"ம்பா. லோச்சனி நான்தான். மீனலோச்சனி. அப்படி ஒருத்திகூட மூணு வருஷம் இருந்து பாருங்க, அப்பத் தெரியும். எல்லாத்தையும் நம்மளே பேசணும். சார்கிட்டயும் நான்தான் பேசணும், கேன்டீன்ல சில்லறைக்கும் நான்தான் பேசணும். நான் ஒருத்தி பேசலைன்னா எங்க ரெண்டு பேரையும் அந்தக் காலேஜுல எவனும் திரும்பிக்கூடப் பாத்துருக்க மாட்டான்.

ப்ராஜெக்ட் என்னன்னா, ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு ரூம் ஒதுக்குறது. பேரு லிஸ்ட்டக் குடுத்தா, யாருக்கு எந்த மாடி, எந்த ரூம்னு ப்ரோக்ராமே பிரிச்சுக் குடுக்கணும். அதுக்கு அலாட்டுன்னு பேரு வச்சோம். நாங்க வச்ச பேருன்னு சொல்லக் கூடாது. எங்க காலேஜுல ஒரு வழக்கம் இருக்கு. ஒவ்வொரு வருஷமும் அதே தலைப்புதான் சுத்திச் சுத்தி வரும். போன வருஷம் ஒரு சீனியர் இதே ஹாஸ்டலப் பிரிச்சாரு, பாண்டீஸ்வரன் அண்ணன்னு. அதுக்கு முந்தின வருஷமும் எவனோ ஒருத்தன் பிரிச்சிருக்கான். அத்தன பேரும் அலாட்டுன்னுதான் பேரு வச்சிருக்காய்ங்க. எங்க ஹாஸ்டல இந்நேரம் எத்தன தடவ பிரிச்சிருப்பாய்ங்கன்னு நெனைக்கிறீங்க? ஆனா வார்டன் அம்மா இன்னிக்கும் சீட்டுக் குலுக்கித்தான் ரூம் குடுக்குது.

சரி, அத விடுங்க. லேப்ல பெரிய மெஷின் ஒண்ணு இருக்கும். எல்லாரும் அதுக்குள்ளதான் வேல பாக்கணும். கருப்பு ஸ்க்ரீன். மவுஸுக்கெல்லாம் அங்க வேலையில்ல. ஒரு பேர அடிச்சு என்டர் தட்டுனா, அந்தப் பேருல இருக்குற ப்ரோக்ராம் ஓடும். ஓட விடுறதுக்குன்னு உள்ள ஒண்ணு உக்காந்திருக்கும், ஷெல்லுன்னு பேரு. நம்ம பேரச் சொன்னதும் அது வரிசையாக் கொஞ்சம் ஃபோல்டருக்குள்ள போய்த் தேடும். எது முதல்ல கையில ஆப்புடுதோ அத ஓட்டிரும். நான் எங்க ஃபோல்டரையும் அந்த வரிசையில முதல் ஆளாச் சேத்து வச்சிருந்தேன். அதனால அலாட்டுன்னு அடிச்சா எங்க அலாட்டு ஓடணும். அம்புட்டுதான் விஷயம். புரியுதுல்ல? நீங்க தலையாட்டுற வேகத்துக்கு எங்க க்ளாஸ்ல பாதிப் பேரு ஆட்ட மாட்டாய்ங்க.

ஜெனி மட்டும் அப்படி அடிக்க மாட்டா. பேருக்கு முன்னாடி ஒரு புள்ளி வச்சு, ஒரு சாய்வுக் கோடு போட்டு, அதுக்கப்புறம்தான் அலாட்டும்பா. புள்ளி கோடு போட்டா, எங்கயும் தேடாத, இங்கயே இந்த ஃபோல்டருக்குள்ளயே இருக்குறத ஓட்டுன்னு அர்த்தம். எங்களுக்கு முத வருஷத்துல சொல்லிக் குடுத்தது. அத இன்னும் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருப்பா. நான் கேலி பண்ணுவேன். "ஏன்டி, நெத்தியில பொட்டு வைக்காதவ ப்ரோக்ராமுக்கு மட்டும் மறக்காம வைக்கிறியே"ன்னு. சிரிப்பா. திரும்பவும் புள்ளி வச்சுத்தான் அடிப்பா.

முதல் ரிவ்யூ வந்துச்சு. கீபோர்டு என் கையில. எப்பவுமே என் கையிலதான், அவ அடிச்சா விடிஞ்சிரும். அலாட்டுன்னு அடிச்சேன். அடேயப்பா! ஜம்முன்னு ஓடுச்சு. மேல ஒரு வரி முழுக்க நட்சத்திரம், கீழ ஒரு வரி நட்சத்திரம், நடுவுல மாடி வாரியா, ரூம் வாரியாப் பிரிச்சு, கல்யாணப் பத்திரிகை மாதிரி வந்து நின்னுச்சு. ஹெச்.ஓ.டி மேடம், அவங்க சிரிச்சே யாரும் பாத்ததில்ல, "ரொம்ப நீட்டா இருக்கே, யாரு பண்ணது?"ன்னாங்க. நான்தான் மேடம்னேன். பின்ன? கோடிங்கு பெரும்பாலும் நான்தான எழுதுனேன்.

வெளிய வந்ததும் ஜெனி கேட்டா. "லோச்சனி, அந்த நட்சத்திரம் நம்ம எப்ப போட்டோம்?"

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. மேடம் பாராட்டிருக்காங்க, அத விட்டுட்டு நட்சத்திரத்த எண்ணிக்கிட்டு இருக்கா. "எப்பயோ நான் போட்டுருப்பேன்டி, உனக்கென்ன வந்துச்சு இப்ப"ன்னுட்டேன். எனக்கும் போட்ட ஞாபகம் இல்லதான். ஆனா நல்லா இருந்துச்சுல்ல? நல்லா இருந்தா நான் போட்டதாத்தான இருக்கும்.

என்னக்கா சிரிக்கிறீங்க? இல்ல, சிரிச்சீங்க. நான் பாத்தேன்.

சரி. அந்த ரிவ்யூல மேடம் ஒரு வேல குடுத்தாங்க. கால் முடியாத பிள்ளைகளுக்கு, ஆபரேஷன் பண்ண பிள்ளைகளுக்கு, கீழ் தளத்துலதான் ரூம் வரணும், அடுத்த ரிவ்யூக்குள்ள மாத்திக் காட்டுங்கன்னாங்க. நியாயமான விஷயம்தான். எங்க க்ளாஸ்லயே மும்தாஜுன்னு ஒருத்தி, கட்டை ஊண்டித்தான் நடப்பா, அவள மூணாவது மாடியில போட்டு வச்சிருந்துச்சு. நான் உக்காந்து எழுதுனேன். அருமையா எழுதுனேன். அலாட்டுன்னு அடிச்சேன். மும்தாஜு மூணாவது மாடியிலயே இருக்கா.

ஒரு வேள சேவ் பண்ணலையோன்னு பாத்தேன். பண்ணிருக்கேன். திருப்பி எழுதுனேன். மூணாவது மாடி. கம்ப்யூட்டரையே அணைச்சுட்டு வந்து உக்காந்தேன். மூணாவது மாடி. எரிச்சல்ல எழுதுனத எல்லாம் ஒரு ஓரமா எடுத்து வச்சுட்டு வெறும் "வணக்கம்"னு மட்டும் ப்ரிண்ட் பண்ணச் சொன்னேன். வணக்கமாவது நமஸ்காரமாவது! நட்சத்திரம் போட்டு, அதே பத்திரிகை, அதே மும்தாஜு, அதே மூணாவது மாடி. கம்ப்யூட்டரு மூஞ்சியில ஓங்கி ஒண்ணு விடலாமான்னு இருந்துச்சு.

இதக் கேளுங்க, இதுலதான் இருக்கு. நான் பாத்ரூம் போயிட்டு வர்றேன், ஜெனி என் எடத்துல உக்காந்திருக்கா. அவ ஓட்டிக்கிட்டு இருக்கா. ஸ்க்ரீன்ல பாத்தா, வணக்கம்! நான் எழுதுன வணக்கம்! "எப்படிடி ஓடுது?"ன்னேன். "ஓடுதே, நீ புள்ளி..."ன்னு என்னமோ ஆரம்பிச்சா. அவள எந்திரிக்கச் சொல்லிட்டு நான் உக்காந்து அடிக்கிறேன். நட்சத்திரம், மும்தாஜு, மூணாவது மாடி.

அவ ஓட்டுனா ஓடுது. நான் ஓட்டுனா ஓடல. ஒரே மெஷினு, ஒரே லாகினு. நீங்களே சொல்லுங்கக்கா, இதப் பாத்தா என்ன தோணும்?

இல்லக்கா, உடனே சந்தேகப்படல. நான் என்ன அவ்வளவு மட்டமா? ஆதாரம் எடுத்தேன். எங்களுக்கு விச்சுன்னு ஒரு கமாண்டு இருக்கு. விச்சுன்னு அடிச்சு, பக்கத்துல ப்ரோக்ராம் பேர அடிச்சா, அந்தப் பேருல எது எங்க இருக்குன்னு அட்ரஸ் சொல்லும். எது ஓடப்போகுதுன்னு பாக்க எல்லாரும் அதத்தான் அடிப்போம். விச் அலாட்டுன்னு அடிச்சேன். எங்க ஃபோல்டரோட அட்ரஸ சுத்தமாச் சொல்லுச்சு. ஆக, ஓடுறது எங்க ஃபோல்டர்ல இருக்குற ப்ரோக்ராம். அது பழைய மாதிரி ஓடுதுன்னா, யாரோ அதப் பழைய மாதிரி மாத்தி மாத்தி வைக்கிறாய்ங்க. எங்க லாகின் பாஸ்வேர்டு ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒண்ணு நான். நான் பண்ணல. அப்ப மிச்சம் யாரு? இது கணக்குக்கா, கோவம் இல்ல.

ஏன் பண்ணான்னு கேட்டா அதுக்கும் காரணம் இருக்கு. மேடம் யாரு பண்ணதுன்னு கேட்டப்ப நான் நான்தான்னு சொன்னேன்ல, அதுல ஒரு மாதிரி ஆயிட்டா. வெளிய காட்டல. அவ எத வெளிய காட்டிருக்கா?

ரெண்டாவது ரிவ்யூ. மேடம் உக்காந்திருக்காங்க, க்ளாஸே சுத்தி நிக்கிது, மும்தாஜும் நிக்கிறா. வணக்கத்த எடுத்துட்டு நான் எழுதுனதயே திருப்பிப் போட்டு வச்சிருந்தேன். கீபோர்டுல கைய வச்சேன். ஜெனி குனிஞ்சு காதுல, "புள்ளி கோடு போட்டு அடி லோச்சனி"ங்கறா. "கைய எடு"ன்னு தட்டி விட்டேன். விச்சே சொல்லிருச்சு எங்க ப்ரோக்ராம்தான்னு, அப்புறம் எதுக்குப் புள்ளி? அலாட்டுன்னு அடிச்சேன்.

நட்சத்திரம்.

மேடம் கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டுப் பாத்தாங்க. "இதுல என்னம்மா மாத்திருக்க?"ன்னாங்க. பின்னாடி பயலுக சிரிச்சாய்ங்க. மும்தாஜு வேற, "பரவால்ல மேடம், நான் லிஃப்ட்ல போயிக்கிறேன்"ங்கறா. எங்க ஹாஸ்டல்ல லிஃப்டே கெடையாது. இன்னும் சிரிச்சாய்ங்க.

எனக்கு மண்டைக்கு ஏறிருச்சு. "மேடம், நான் சரியாத்தான் எழுதுனேன். இவதான் ஒவ்வொரு தடவையும் பழையபடி மாத்தி வச்சிர்றா. என்னயக் கேவலப்படுத்தணும்னே பண்றா. வேணும்னா அவளயே ஓட்டச் சொல்லுங்க, அவ ஓட்டுனா மட்டும் ஓடும், கேளுங்க எப்படின்னு"ன்னேன். இன்னும் ரெண்டு மூணு வார்த்த சொல்லிருப்பேன். நல்லவ வேஷம் போடுறான்னு சொன்னேன்னு நெனைக்கிறேன். அவ மாங்காயப் பத்திக்கூட ஏதோ சொன்னேன். அது எதுக்குச் சொன்னேன்னு தெரியல, வாயில வந்துருச்சு.

மேடம் ஜெனியப் பாத்து, "உண்மையாம்மா?"ன்னாங்க. உண்மை இல்லைன்னா இல்லைன்னு சொல்லணுமா இல்லையா? இல்ல மேடம்னு ஒரு வார்த்த! அவ என்னயப் பாத்தா. அப்புறம்தான் அதச் சொன்னா, நான் இந்த டீம்ல இல்லைன்னு. போயிட்டா. ஊருக்கே போயிட்டா. இதுல யாரு யாரக் கேவலப்படுத்துனாங்கறீங்க?

இருங்க, இன்னும் முடியல. வெள்ளிக்கிழமை லேப்ல பரமகுரு சார்கிட்டப் போனேன். எங்க லேப் இன்சார்ஜ். வார்த்தைய எடை போட்டு விக்கிற ஆளு, பேச்சே வராது. "சார், இந்த மாதிரி, விச் எங்க ஃபோல்டரத்தான் சொல்லுது, ஆனா பழசு ஓடுது, யாரோ கை வச்சிருக்காங்கன்னு நீங்க எழுதிக் குடுங்க"ன்னேன்.

"டைப்னு ஒரு கமாண்டு இருக்கே, அடிச்சுப் பாத்தியா?"ன்னாரு.

"அது எதுக்கு சார், விச் இருக்கப்ப?"

அவரே அடிச்சாரு. டைப் அலாட். என்டர் தட்டுனாரு. அலாட்டுங்கறது ஒரு பட்டப்பேருன்னு வந்து நிக்குது. கம்ப்யூட்டருக்குப் பட்டப்பேரு வைக்கலாம்க்கா. இந்தப் பேரச் சொன்னா இத ஓட்டுன்னு ஷெல்லுக்கு முன்கூட்டியே சொல்லி வச்சிரலாம். அப்படி வச்சிட்டா அது வெளிய எங்கயும் போய்த் தேடாது, நேரா அதத்தான் ஓட்டும். அலாட்டுன்னா எந்த அட்ரஸத் தெரியுமா சொல்லி வச்சிருக்கு? பாண்டீஸ்வரன் அண்ணன் ஃபோல்டரு! போன வருஷத்து ஆளு! படிச்சு முடிச்சுப் போயிட்டாரு, அவரு ப்ரோக்ராம் மட்டும் இன்னும் அங்கயே உக்காந்து, நாங்க குடுக்குற பேரு லிஸ்ட்ட வாங்கி ஹாஸ்டலப் பிரிச்சுக்கிட்டு இருக்கு. அந்த நட்சத்திரமெல்லாம் அவரு போட்டது.

"இந்தப் பட்டப்பேரு எப்படிம்மா உங்க லாகினுக்குள்ள வந்துச்சு?"ன்னாரு சார்.

எப்படி வந்துச்சுன்னா, அது ஒரு பெரிய விஷயம் இல்ல. சீனியருங்க போறப்ப ஜூனியருக்கு ஒரு செட்டப் ஃபைல் குடுத்துட்டுப் போவாய்ங்க. அதப் போட்டுக்கிட்டா கருப்பு ஸ்க்ரீன்ல எழுத்தெல்லாம் கலர் கலரா வரும். பாக்க லட்சணமா இருக்கும். ஜெனி வேணாம்னா. உள்ள என்ன இருக்குன்னு படிச்சுட்டுப் போடுவோம்னா. அவ படிச்சு முடிக்கிறதுக்குள்ள டிகிரியே முடிஞ்சிரும்னு நான்தான் போட்டேன். நான் போட்டது கலருக்கு. அதுக்குள்ள அந்த அண்ணன் தன் பட்டப்பேரையும் சேத்து வச்சிருந்தா நான் என்ன பண்ண முடியும்? அனுபவம் உள்ளவரு, சொல்லிருக்கணும்ல, தங்கச்சி, உள்ள இப்படி ஒண்ணு கெடக்கு, பாத்துக்கன்னு?

அதவிட எனக்கு ஆத்திரம் அந்த விச்சு மேலதான். "சார், நான் விச்சக் கேட்டேன்ல? அது ஏன் சார் எங்க அட்ரஸச் சொல்லுச்சு?"ன்னேன்.

சார் சொன்னாரு. "விச் தனி ஆளும்மா. ஃபோல்டர் ஃபோல்டராப் போய் அந்தப் பேரு எங்க இருக்குன்னு மட்டும்தான் பாக்கும். ஷெல்லு மனசுல என்ன பட்டப்பேரு வச்சிருக்குன்னு அதுக்குத் தெரியாது. ஓட்டப்போறது ஷெல்லு. டைப் அதுக்குள்ளயே இருக்குறது. நீ சம்பந்தப்பட்டவங்ககிட்டக் கேக்காம வெளியாளக் கேட்டுருக்க."

நான் விடுவேனா? "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும்ல சார்? அதுபாட்டுக்கு அரைகுறையாப் பாத்துட்டு, இவ்வளவு உறுதியா ஒண்ணச் சொன்னா, அத நம்பி அடுத்தவங்க என்னென்ன பண்ணுவாங்கன்னு யோசிக்க வேணாமா?"ன்னேன்.

சார் என்னயவே பாத்துக்கிட்டு இருந்தாரு. எதுக்கு அப்படிப் பாத்தாருன்னு எனக்கு இன்னும் புரியல.

அப்புறம், நான் எழுதி வச்சிருந்த ப்ரோக்ராம அவரு முன்னாடி புள்ளி கோடு போட்டு ஓட்டுனாரு. மும்தாஜு கீழ் தளம், நாலாம் நம்பர் ரூம். கால் முடியாத பிள்ளைங்க அத்தன பேரும் கீழ் தளம். நான் எழுதுனது சரிக்கா! ஆரம்பத்துல இருந்தே சரி! அத ஒருத்தர் பாராட்டல. அதுக்குப் பதிலா சார் கேக்குறாரு, "அப்ப முதல் ரிவ்யூல மேடம் பாராட்டுனது யாரு ப்ரோக்ராம்?"னு. இந்த மாதிரிக் கேள்வி கேக்குறதுக்கு மட்டும் அவருக்கு வாய் வந்துருது.

ஆக, விஷயம் இதான். விச்சு பொய் சொல்லிருச்சு, அந்த அண்ணன் ஏமாத்திட்டாரு, ஜெனி சொல்லாமப் போயிட்டா. மூணு பேரு சேந்து என்னய நடுத்தெருவுல நிறுத்திருக்காய்ங்க. திங்கக்கிழமை ரிவ்யூ. இப்பச் சொல்லுங்க, யாரு மேல தப்பு?

என்னது? அவகிட்டயே முதல்ல கேட்டிருக்கலாமா?

என்னத்தக்கா கேக்க? கேட்டாச் சொல்லிருவாளா? வாயத் தொறந்தாத்தான? நீங்க அவளப் பாத்ததில்ல, அதான் இப்படிப் பேசுறீங்க. நான் சொல்ல விடலையா? யாரு, நானா? நல்லாச் சொன்னீங்க போங்க. இவ்வளவு நேரம் நீங்க பேசல? நான் கேக்கல?

சரி, அவகிட்ட என்ன சொல்லப்போறேன்னு சொல்லிக் காட்டவா? எல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். கேளுங்க. "ஜெனி, நடந்தது நடந்துபோச்சு, நீ பாட்டுக்குப் பைய எடுத்துக்கிட்டுப் போனது..." இல்ல, இது வேணாம். "ஜெனி, அன்னிக்கு நான் சொன்னது தப்பா இருக்கலாம், ஆனா நீயும் கொஞ்சம்..." ஏன் தலைய ஆட்டுறீங்க? ஆனாங்கற வார்த்த வரக்கூடாதா? ஆனா இல்லாம எப்படிக்கா ஒரு விஷயத்தப் பேசி முடிக்கிறது?

நான் பேசுனாத்தான வெனை. அவ போன எடுத்தாலே போதும். என் நம்பரப் பாத்தா எடுக்க மாட்டேங்குறா.

அக்கா, உங்க போனக் கொஞ்சம் குடுங்களேன். உங்க நம்பரு அவளுக்குத் தெரியாதுல்ல. ஒரு நிமிஷம். லாக் எடுத்து விடுங்க. இந்தா, போட்டுட்டேன்.

ரிங் போகுது.

ஹலோ. ஜெனி, நான்தான்டி. வச்சிராத! வச்சிராத, இது ஒரு அக்கா போனு, பஸ்ல வர்றாங்க, நல்லவங்க. ஆமா, பஸ்லதான் இருக்கேன். உங்க ஊருக்குத்தான். அருப்புக்கோட்டை தாண்டிருச்சு. எதுக்குன்னா? ஒண்ணு கேக்கணும். இல்ல, ஒண்ணு சொல்லணும். நம்ம அலாட்டுல யாரும் கை வைக்கலடி. அந்தப் பாண்டீஸ்வரன் அண்ணன் பட்டப்பேரு வச்சுருந்தாரு, அந்த செட்டப் ஃபைல்ல.

தெரியுமா? உனக்கா? எப்ப இருந்து?

தெரிஞ்சுதான் வச்சிருந்தியா? அப்பச் சொல்ல வேண்டியதுதானடி! எப்பச் சொன்ன? ரிவ்யூலயா? சரி, அது காதுல சொன்ன, அது கணக்குல வராது. அதுக்கு முன்னாடியுமா? எங்க?

கேன்டீன்லயா? நான் என்ன சொன்னேன்?

அப்படியா சொன்னேன்?

ம். சரி. சரி, அத விடு. இல்ல, விடச் சொல்லல. திங்கக்கிழமை நீ வர்றியா மாட்டியா, அத மட்டும் சொல்லு. வந்து நின்னாப் போதும், எல்லாம் நான் பேசிக்கிறேன். ஏன்டி, அதுல என்ன தப்பு? யாரு பேசணும் பின்ன?

மேடம்கிட்டயா? நானா? எல்லாரையும் வச்சுக்கிட்டா? அன்னிக்கு யாரு யாரு நின்னாய்ங்களோ அத்தன பேரு முன்னாடியுமா? பயலுக முன்னாடியுமா? நட்சத்திரத்தையும் சொல்லணுமா? அது முத ரிவ்யூடி, அதுக்குப் போட்ட மார்க்கப் புடுங்கிருவாங்க, உனக்கும்தான் போகும். போனாப் போகட்டுமா?

இருக்கேன். லைன்லதான் இருக்கேன். யோசிக்கிறேன்.

சரி.

சரின்னேன். சொல்றேன். நான்தான் தப்பாச் சொன்னேன்னு சொல்றேன், அந்த நட்சத்திரம் நம்மளுது இல்லைன்னும் சொல்றேன், போதுமா? இல்ல, கத்தல. பஸ் சத்தம்டி. ஆனா வராது. ஆனா போடாமச் சொல்றேன்.

இன்னும் இருக்கா? என்னது? சொல்லு. இல்ல, குறுக்க பேசல. நீ சொல்லு.

ம்.

ம்.

இல்ல, கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அழுவாதடி. சரி, அழுதுக்க. சொல்லு.

ம்.

எந்திரிக்கிறீங்களா? ஸ்டாப்பு வந்துருச்சா? போன் தர்றேன்க்கா, தந்துர்றேன். நானும் உங்ககூடவே எறங்கிக்கிறேன். கொஞ்ச நேரம் பேசாம வாங்களேன். அவ பேசுறா.